வைசியாள் வீதி, புதுச்சேரி: வீடுகள், தாழ்வாரம், பழுது பார்ப்பது பற்றி

வாய்க்கால்மேற்கு

புதுச்சேரி என்றாலே மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் கடற்கரைச் சாலையும்தான் படமாக வந்து நிற்கின்றன. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழ்ப் பகுதியைப் பற்றி நிதானமாகப் பேச இந்த இணைய மன்றத்தில் ஓர் உரையாடல் இழை வேண்டும். முழு ஊரையும் எடுத்தால் எதுவும் உருப்படியாகப் பேச முடியாது. ஒரே ஒரு வீதியை எடுத்துக்கொள்வோம்: கல்வே சுப்பராய செட்டியார் வீதி, ஊர் வாயில் வைசியாள் வீதி. அதிலும் மிஷன் வீதிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் நடுவில் உள்ள துண்டு.

இரண்டு முனையிலும் வண்டிச் சத்தம் காதைக் கிழிக்கும். உள்ளே முப்பது அடி நடந்தால் குரல் தாழ்ந்துவிடுகிறது. தெரு அகலமும் இல்லை, மரமும் அதிகமில்லை. பிறகு எப்படி இந்த அமைதி? என் கணிப்பில் வீடுகள் தெருவைப் பார்த்து நிற்கிற விதம்தான் காரணம். அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச்சுவர், இடைவெளி கிடையாது. ஓட்டுச் சரிவு வீட்டுக்கு வீடு ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓடுகிறது. அதன் கீழே மரத்தூண் வரிசை. வெயிலும் மழையும் அந்த வரிசையில் தடுக்கப்பட்டு, சத்தமும் ஓரளவு அங்கேயே அடங்குகிறது. வீட்டின் உறுப்புகள், பழுது பார்க்கும் முறை, எங்கே கெட்டுப்போகிறது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

திண்ணைமுனை

முதலில் ஒரு திருத்தம். நிறைய பேர் தெருவோரம் தெரிவதை எல்லாம் 'திண்ணை' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வீதியில் அது இரண்டு அடுக்கு.

தெருவிலிருந்து படியேறினால் வருவது தாழ்வாரம்: மேடை, மேலே மரத்தூண் தாங்கும் சரிந்த ஓட்டுக் கூரை. வெளி ஆள் மழைக்கு ஒதுங்கலாம், வெயிலுக்கு நிற்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு உள்ளே, வாசற்கதவுக்கு முன்னால் இருப்பதுதான் திண்ணை, செங்கல்லில் கட்டிப் பூசி வழவழப்பாக்கிய இருக்கை. அது வீட்டுக்கு வந்தவருக்கு, வீட்டுப் பெரியவருக்கு. அடையாளம் சொல்ல வேண்டுமானால், தாழ்வாரத்தில் செருப்போடு நிற்கலாம், திண்ணையில் செருப்பைக் கழற்றித்தான் உட்காருவார்கள்.

செதுக்கு வேலை உள்ள கதவைத் தாண்டினால் ரேழி, அதாவது உள்நடை, பிறகு வானம் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள், கூடம், அறைகள், பின்னால் சமையற்கட்டும் கொல்லையும். கதவு திறந்திருந்தால் தெருவில் நிற்பவர் கண்ணுக்கு ரேழி வழியாக முற்றத்து வெளிச்சம் தெரியும். காற்றும் அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. முற்றத்தில் சூடான காற்று மேலே கிளம்பும்போது தாழ்வாரத்து நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். முற்றத்தைக் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போட்டு முழுக்க மூடினால் இந்த இழுப்பு நின்றுவிடும். வீடு புழுங்கும், அப்புறம் ஏசி வைப்பார்கள், அந்தத் தண்ணீர் தாழ்வாரத்தில் சொட்டும்.

கல்லும்காரையும்

பலரும் சொல்லும் 'முந்நூறு வருஷத்து வீடுகள்' என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. வீதியின் கோடு பழையது, வீடுகள் பெரும்பாலும் அவ்வளவு பழையவை அல்ல.

1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1699இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் போட்ட நேர்கோட்டுத் தெருத் திட்டம்தான் இன்றைய கட்டங்களுக்கு அடி. பிறகு 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள், தமிழ்ப் பகுதியும் பெரும் சேதம் கண்டது. 1765இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் அதே கோடுகளில் மீண்டும் கட்டினார்கள். அதனால் இந்த வீதியில் இப்போது கண்ணில் படுவதில் பெரும்பகுதி அதற்குப் பிந்தைய கட்டுமானம், அதிலும் நிறைய 19ஆம் நூற்றாண்டுக் கைவேலை. அழிவுக்கு முந்தைய காலத்தின் வாசனை வேண்டுமென்றால் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் பாருங்கள். கீழே தமிழ் மரத்தூண், மேலே ஐரோப்பியப் பாணித் தூண்.

பெயருக்கும் வரலாறு உண்டு. தமிழ்ப் பகுதியில் தெருக்கள் தொழில், சாதி வாரியாகப் பிரிந்தவை. வைசியாள் வீதி என்றால் வணிகர் வீதி, அதே போல வெள்ளாழ வீதி. வடக்கே இந்துக்கள், மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள், தெற்கே காஜி வீதி, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்கள். வீட்டின் அழகைப் பேசும்போது இந்தப் பிரிவினையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யார் எந்தத் தாழ்வாரத்தில் ஒதுங்கலாம் என்பதற்கு அந்தக் காலத்தில் வேறு விடையும் இருந்தது. கல்வே என்ற குடும்பப் பெயர் மிஷன் வீதியின் கல்வே கல்லூரியிலும் நிற்கிறது.

திண்ணைமுனை

ஒப்புக்கொள்கிறேன். 'யாரும் கேட்க மாட்டார்கள்' என்று எழுதியது இன்றைய நிலைக்கு மட்டும்.

மாடிஜன்னல்

இதை 'பிரெஞ்சுத் தெரு' என்று சுற்றுலாக்காரர்கள் எழுதுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பிரெஞ்சு வீடு தெருவுக்கு உயரமான மதிலைத்தான் காட்டும். தோட்டம், வராண்டா எல்லாம் மதிலுக்கு உள்ளே. தமிழ் வீடு முகத்தையே தெருவுக்குக் கொடுக்கும். இந்த வீதியில் நடந்தது கலப்பு. வணிகத்தில் கை ஓங்கியவர்கள் கீழ்த்தளத்தைத் தாழ்வாரம், திண்ணை, முற்றம் என்று அப்படியே வைத்துக்கொண்டு, மாடியில் மட்டும் வளைவு ஜன்னல், பட்டைப் பலகை அடைப்பு, சுவரோடு ஒட்டிய அரைத்தூண், கைப்பிடிச்சுவரில் கட்டைத்தூண் வரிசை என்று பிரெஞ்சு முகத்தைக் கட்டினார்கள். குடும்பம் புழங்குவது கீழே, அந்தஸ்து தெரிவது மேலே.

எதிர்ச்சாரியில் நின்று ஒரு வீட்டை மட்டும் உற்றுப் பார்த்தால் இது விளங்கும். தாழ்வாரத்து ஓட்டுச் சரிவு முடியும் இடத்தில் ஒரு மெல்லிய பூச்சு வளையம், அதுவரை தமிழ். அதற்கு மேல் ஜன்னல் வளைவு ஆரம்பம். இரண்டு பாணியும் அந்த நாலு விரற்கடைப் பட்டையில்தான் தொட்டுக்கொள்கின்றன.

புதுக்குடி

ஒரு கேள்வி. தாழ்வாரத்து மரத்தூணின் அடியில் விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. மேலே கல் மாதிரி இருக்கிறது. கொத்தனார் 'முழுசா எடுத்துட்டு கான்கிரீட் தூண் போட்டுடலாம்' என்கிறார். வேறு வழி இருக்கா?

உளியும்கூடமும்

தயவுசெய்து கான்கிரீட் போடாதீர்கள். மேல் மரம் நன்றாக இருந்தால் அடியை மட்டும் மாற்றலாம். செய்கிற வரிசை இது:

முதலில் முட்டு. தூணின் இரு பக்கமும் உத்திரத்துக்குக் கீழே பலகை வைத்து ஸ்க்ரூ ஜாக் கொடுத்து, சுமை இறங்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். தூக்கப் பார்க்காதீர்கள், ஒரு சென்டிமீட்டர் தூக்கினாலும் மேலே ஓடு நகரும், சுவரில் கீறல் விழும்.

கூரான ஊசியாலோ சின்ன ஸ்க்ரூ டிரைவராலோ அடியிலிருந்து மேலே குத்திக்கொண்டே போங்கள். எதிர்ப்பு வரும் இடம்தான் நல்ல மரம். அதற்கு மேல் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கறையான் உள்ளே போயிருந்தால் தட்டிப் பார்த்து, டொப்பென்று வெற்றொலி வரும் இடம் முடியும் வரை போக வேண்டும்.

புது அடியை நேர்வெட்டாக ஒட்டாதீர்கள். சரிவு இணைப்பாகச் செய்யுங்கள். இணைப்பின் நீளம் தூணின் தடிமனைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும், 15 செ.மீ. தூணுக்கு 45 செ.மீ. புது மரம் பழைய தேக்குக்கு நிகராக நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் போட்டால் ஆறு மாதத்தில் சுருங்கி இணைப்பு வாய் திறக்கும். மர ஆணி அல்லது துருப்பிடிக்காத எஃகு போல்ட். சாதாரண இரும்பு இந்தக் கடல் காற்றுக்குத் துருப்பிடித்துப் பருத்து மரத்தைப் பிளந்துவிடும்.

தூண் ஏன் அடியில் மட்டும் அழுகியது என்பதுதான் முக்கியம். நான் பார்த்த வரை காரணம் ஒன்றுதான்: தூணின் கீழே இருந்த கருங்கல் பீடத்தைச் சுற்றி யாரோ டைல்ஸ் ஒட்டி சிமெண்டால் மூடியிருப்பார்கள். தாழ்வாரம் கழுவும் தண்ணீர் அங்கே தேங்கி மரத்தின் நுனியில் ஏறும். பீடம் தரைக்கு மேல் தெரிய வேண்டும். மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஈயத் தகடோ தடிமனான தார்த் தாளோ வையுங்கள்.

புதுக்குடி

டைல்ஸ் ஒட்டித்தான் இருக்கு. சரியாகச் சொன்னீங்க, நன்றிண்ணே.

கிளிஞ்சல்

தூணைப் போலவே சுவரையும் சிமெண்ட்தான் கெடுக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வீடுகளின் சுவர் மெல்லிய பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரம் உறிஞ்சும், பூச்சு வழியாக வெளியே விடும். கூடவே உப்பும் வரும். சுண்ணாம்புப் பூச்சில் உப்பு மேற்பரப்புக்கு வந்து பொரிந்து உதிரும், பார்க்க அசிங்கம், ஆனால் செங்கல் பிழைக்கும். சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. உப்பு சிமெண்டுக்குப் பின்னால், செங்கல்லின் உள்ளேயே படிகமாகிப் பருக்கிறது. இரண்டு மூன்று வருடம் சுவர் பளபளவென்று இருக்கும். பிறகு ஒருநாள் தட்டினால் வெற்றொலி. பெயர்த்தால் சிமெண்ட் முழுத் தகடாக வரும், பின்னால் செங்கல் மாவாகக் கொட்டும். சிமெண்டுக்கு மேலே ஈரம் ஏறும் கோடும் உயர்ந்திருக்கும், ஏனென்றால் கீழே காய வழியில்லாத தண்ணீர் மேலே வழி தேடும்.

சரி செய்ய:

சிமெண்டைக் கை உளியால் மட்டும் எடுங்கள். பிரேக்கர் மெஷின் பழைய இணைப்புகளை ஆட்டிவிடும். ஈரக்கோட்டுக்கு மேல் குறைந்தது அரை மீட்டர் வரை பெயர்த்துவிடுங்கள். செங்கல் இணைப்புகளில் மாவான காரையை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் ஆழம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். பிறகு பொறுமை. மழைக்காலம் இல்லாத மாதங்களில் சில வாரம் சுவரைத் திறந்தே விடுங்கள்.

சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. தொட்டியில் தண்ணீர் விட்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொதிக்கும், தெறிக்கும், கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். இப்படித் தாளித்த, அதாவது நீற்றிய, சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் குறைந்தது இரண்டு வாரம் ஊறட்டும். அவசரப்பட்டால் சரியாகத் தாளாத குறுநொய் பூச்சுக்குள் போய், பிறகு மெல்ல நீர் குடித்துப் பருத்து, அம்மைத் தழும்பு மாதிரி பொக்குப் பொக்காகத் தெறிக்கும்.

முதல் கோட் ஒன்றுக்கு மூன்று, சுண்ணாம்பும் சலித்த ஆற்று மணலும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். ஈரம் அதிகமுள்ள அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கைச் சுருக்கியாக, அதாவது செங்கல் தூளாக மாற்றினால் பிடிப்பு சீக்கிரம் வரும். ஒரு கோட் 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பூசுவதற்கு முன் சுவரை நனையுங்கள். சுவர் காய்ந்திருந்தால் பூச்சின் தண்ணீரைக் குடித்து, பூச்சு வெந்து உதிரும். அடுத்த கோட்டுக்கு ஒரு வாரமாவது விடுங்கள். அது வரை ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துத்தான் இறுகுகிறது, அதற்கு ஈரமும் காற்றும் இரண்டும் வேண்டும்.

திண்ணையின் அந்த வழவழப்புக்கு மட்டும் கடைசி மெல்லிய கோட்டுகள், மிக நைசாக அரைத்த சுண்ணாம்பில். செட்டிநாட்டுப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது அதில் பாதி வேலை.

மழைத்தூம்பு

மொட்டை மாடியை மறந்துவிட்டீர்கள். சுவர் கெட்டால் பணம் போகும், மெட்ராஸ் டெரஸ் என்கிற மரக்கட்டை மாடித்தளம் கெட்டால் உயிர் போகும். 2014 நவம்பர் 29 அன்று தொடர் மழைக்குப் பிறகு கடற்கரைச் சாலையின் பழைய மேரி, அதாவது நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆயிற்று.

டெரஸ் இப்படி: உத்திரத்தின் மேல் ஓரடி, ஒன்றேகாலடி இடைவெளியில் மரக்கட்டைகள். அவற்றின் மேல் ஓரங்குலத் தடிமன் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடிப்பார்கள். அதன் மேல் மூன்று நாலு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கட்டை பட்டால் துள்ளித் திரும்ப வேண்டும், பதிந்தால் இன்னும் அடிக்க வேண்டும். மேலே தட்டோடு, மழைநீர் வெளியேறும் தூம்பைப் பார்த்துச் சரிவு.

ஒழுகும்போது நடு மாடியில் தேடாதீர்கள். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, தூம்பு வாய், தண்ணீர்த் தொட்டிக்கோ சோலாருக்கோ துளை போட்ட இடம், இவைதான் முதலில். ஒழுகுகிறது என்று மேலே சிமெண்ட் கோபா, அதாவது செங்கல் துண்டும் சிமெண்டும் சேர்ந்த தளம், போடுவது இரட்டைத் தவறு. மரக்கட்டைகளுக்குச் சுமை கூடும். வெயிலில் சிமெண்ட் விரிந்து வெடித்து, அந்த வெடிப்பில் இறங்கிய தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் கட்டைக்கே போகும்.

கட்டை கெடுவது நடுவில் அல்ல, சுவருக்குள் செருகிய முனையில். கீழே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால், ஏணி வைத்து ஒவ்வொரு முனையையும் ஊசியால் குத்திப் பாருங்கள். மாற்றும்போது முனையைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் காற்றிடம் விடுங்கள்.

அரசங்கன்று முளைத்தால் பிடுங்காதீர்கள். வேர் பிடித்த காரையையும் சேர்த்துக்கொண்டு வரும். வெட்டி, வெட்டுவாயில் வேர்க்கொல்லி மருந்து தடவி, வேர் காய்ந்தபின் மெதுவாக எடுத்து அந்தப் பொந்தைச் சுண்ணாம்பால் அடையுங்கள்.

கல்லும்காரையும்

2000களின் தொடக்கத்தில் இந்த வீதியில் நடந்த முகப்பு வேலையையும் பதிந்துவைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஷியா அர்ப்ஸ் என்ற நகரக் கூட்டுறவுத் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நவ்-சூர்-லோவும் கூட்டாளி நகரங்களாக, இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு வரிசையாகப் பல வீடுகளின் தெருமுகத்தை மீட்டது. மூடிய தாழ்வாரங்கள் திறக்கப்பட்டன, தகரத்துக்குப் பதில் ஓடு வந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது இந்த வீதிக்குக் கிடைத்தது. ஒரு கட்டடத்துக்கென்று இல்லாமல் சாதாரணக் குடியிருப்புகளின் வரிசைக்கே அப்படி ஒரு விருது வந்ததை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

மாடிஜன்னல்

பெரிய விஷயம்தான். ஆனால் முகப்பு மட்டும் போதாது என்பதும் அப்போதிலிருந்தே தெரிந்ததுதானே. முற்றத்தைச் சுற்றிய கூரை ஒழுகினால், பாகப்பிரிவினையில் வீடு நான்காக உடைந்தால், முகப்பு எத்தனை நாள் நிற்கும்? இங்கே வீடு விழுவதற்கு மழையைவிடப் பாகப்பிரிவினை பெரிய காரணம். ஒரே முற்றத்துக்கு நாலு பங்காளி. ஒழுகும் மூலை யார் பங்கு என்பது தீரும் வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். சில வீடுகள் விடுதியாகியிருக்கின்றன. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, கூரை பராமரிக்கப்படுகிறது. ஆனால் விடுதி தாழ்வாரத்தில் பூச்சட்டியும் பெயர்ப்பலகையும் வைத்து அடைத்தால் ஒதுங்க வரும் ஆள் தெருவில் இறங்கி நடக்க வேண்டியதாகிறது.

வாய்க்கால்மேற்கு

இதுதான் நான் முதலில் சொல்ல வந்தது. ஒரு வீட்டுத் தாழ்வாரம் போனால் அந்த வீடு மட்டும் போவதில்லை. கம்பிக்கதவு போட்டு ஒன்றை அடைத்தால் நிழல் அங்கே அறுகிறது, நடப்பவர் வெயிலில் இறங்குகிறார், பைக் நிறுத்த இடம் என்று அடுத்தவர் நினைக்கிறார். அடுத்தது ஒன்று பின்வாங்கிக் கான்கிரீட்டில் எழும்பினால், பொதுச்சுவர் தாங்காமல் பக்கத்து வீடு விரிசல் விடுகிறது. இடிக்கும் முன் பக்கத்து வீட்டின் உத்திர முனைகள் அந்தப் பொதுச்சுவரில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று அளந்து, முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

மழைத்தூம்பு

சாலையின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் நாலைந்து சென்டிமீட்டர் ஏறும். மூன்று முறை போட்டால் ஒரு படி காணாமல் போகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் தாழ்வாரம் தப்புமா மூழ்குமா என்பதை அந்த ஒரு படிதான் முடிவு செய்யும். சாலை வேலை வரும்போது குடியிருப்பவர்கள் சேர்ந்து கேட்க வேண்டியது இரண்டே: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள், ஓரவடிகாலின் மூடியைச் சாலை மட்டத்துக்கு மேலே விடாதீர்கள். வேலைக்கு முன்பே உங்கள் வீட்டுப் படியின் உயரத்தை அளந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

புதுக்குடி

கடைசியாக ஒன்று. தூண் வேலை முடிந்ததும் தாழ்வாரத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கணும். புதுப் பூச்சுக்கு மேல் எப்போ அடிக்கலாம்? எமல்ஷன் அடித்தால் என்ன?

கிளிஞ்சல்

எமல்ஷன் வேண்டாம், அது பிளாஸ்டிக் தோல். சிமெண்ட் செய்த வேலையையே அதுவும் செய்யும். கடைசிக் கோட் கைக்குக் குளிர்ச்சி தெரியாமல், ஒரே நிறமாக வெளுத்த பிறகு ஆரம்பியுங்கள். மாசி, பங்குனி என்றால் மூன்று வாரம் விட்டால் போதும். சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து வடிகட்டி, சுவரை லேசாக நனைத்து, மெல்லிய கோட்டாக அடியுங்கள். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, கண்ணாடி மாதிரி இருக்கும். கெட்டியாக்கிவிடாதீர்கள், மறுநாள்தான் வெள்ளை ஏறும். ஒரு நாளைக்கு ஒரு கோட் என்று நாலு கோட். காலை வெயில் நேராகப் படும் பக்கத்தை மாலையில் அடியுங்கள்.

தூண் பீடத்தை மட்டும் வெள்ளையடிக்காமல் விடுங்கள். கல் தெரிந்தால்தான் அடியில் ஈரம் நிற்கிறதா என்று அடுத்த மழையில் பார்க்க முடியும்.